கருப்பூரம்: ஒரு சொல்லின் வரலாறு

சிவாலய வழிபாட்டில் உபசாரங்கள் பலவும் முடிந்து, தீபாராதனையின் இறுதியிற் கருப்பூரச் சுடர் ஏற்றப்பெறுங் காலம், அடியார்களின் கண்ணுங் கருத்தும் ஒருங்கே இறைவன் திருமேனியிற் பதியுங் காலமாகும். எரிந்தபின் கரியுஞ் சாம்பருமின்றி ஒழியும் அப்பொருள், யான் எனது என்னுஞ் செருக்குத் திருவருளொளியில் எச்சமின்றி ஒழிதற்கு அறிகுறியாகப் பெரியோரால் எடுத்துக்காட்டப்பெறும். இத்துணைச் சிறப்பினதாய் நாடோறும் வழங்கும் அப்பொருளின் பெயர் எம்மொழிக்கு உரியது என்று வினவின், வடமொழிப் பற்றுடையார் அது வடசொல்லே என்பர். தமிழ்ப்பற்று மிக்கார் அதனைக் கருமை, பூரம் எனப் பிரித்துத் தமிழாக்க முயலினும் முயல்வர். வெள்ளிய பொருளுக்குக் கருமைபற்றிப் பெயர் வந்தவாறு யாங்ஙனம் என்பதற்கு அவர்பால் விடை இராது. இவ்விரு திறத்தாரும் நோக்காதுவிட்ட வழியொன்று உண்டு. அது கடல்வழியாகும்.

தமிழ் நூல்களில் இச்சொல் கருப்பூரம், கர்ப்பூரம், கற்பூரம் என மூவகையாக எழுதப்பெறும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரையிற் புகுந்து வீசுங் கீழ்காற்றைக் கூறுமிடத்து, அகில், துகில், ஆரம், வாசம் என்பவற்றோடு கருப்பூரமும் எண்ணப்பட்டுள்ளது. இவையனைத்தும் மரக்கலங்களில் வந்த சரக்குக்கள் என்பது அவ்விடத்தே தெளிவாகும். இப்பகுதிக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், ஒவ்வொரு சரக்கின் வகைகளையும் தொகுத்துரைக்கின்றார். கருப்பூரத்தின் வகையாக அவர் கூறும் பெயர்களுள் வாரோசு, சூடன், சீனச்சூடன் என்பன ஈண்டு உற்றுநோக்கற்பாலன. இவ்வுரையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் ஏடுகளினின்றும் ஆராய்ந்து அச்சிட்டிலரேல், இச்சொல் வரலாற்றின் தலைசிறந்த சான்றொன்று செல்லுக்கிரையாகியிருக்கும். சூடன் என்பது இன்றும் சூடம் என மக்கள் வழக்கில் நின்று நிலவுகின்றது. வாரோசு என்பதோ வழக்கு வீழ்ந்து, பொருள் விளங்காச் சொல்லாயிற்று. அதன் பொருள் பின்னர்க் காட்டப்பெறும்.

வடமொழியில் இது கர்ப்பூரம் என வழங்கும். சரகர், சுசுருதர் ஆகிய மருத்துவ நூலாசிரியர் இருவரும் இதனைக் கூறியுள்ளனர். வேதங்களில் இச்சொல் காணப்பெறவில்லை. பிற்காலத்து இலக்கண நூலார் 'கிருப்' என்னுந் தாதுவின்மேல் 'ஊர' என்னும் விகுதி வந்து இச்சொல் முடிந்ததென உணாதி நெறியால் அமைதி கூறுவர். உணாதி என்பது, வழங்கும் சொல்லொன்றற்கு ஏற்ற தாது இதுவெனக் காட்டி அதனை இலக்கண வரம்பினுள் நிறுத்தும் நெறியேயன்றி, அச்சொல் இன்ன நாட்டிற் பிறந்து இன்ன காலத்து வந்ததெனக் கூறும் வரலாற்று நெறியன்று. ஆகலின் அவ்வமைதி கொண்டு பிறப்பிடந் துணிதல் பொருந்தாது.

இனிப் பொருளின் பிறப்பிடத்தை நோக்குக. பழைய நூல்கள் பெரிதும் பாராட்டும் பச்சைக் கருப்பூரம், திரையோபலானொப்ஸ் என மரநூலார் பெயரிட்டுள்ள நெடுமரத்தின் வயிரத்து வெடிப்புக்களிற் பளிங்குத் துண்டுபோல உறைந்து கிடப்பது. அம்மரம் சுமத்திரா, மலாயா, போர்னியோ என்னும் நிலப்பகுதிகளின் காடுகளுக்கே உரியது. பாரத நாட்டில் இயல்பாக வளர்வதன்று. மரத்தை வெட்டிப் பிளந்தபின்னரே கருப்பூரம் உண்டோ இன்றோ என்பது புலப்படும். மரங்கள் பலவற்றுள் ஒரு சிலவே அதனை உடையன. இதுபற்றியே அது பொன்னோடொப்ப விலை பெற்றது. மரம் இல்லாத நாட்டில் மரத்தின் பயனுக்குப் பெயர் முதற்கண் தோன்றிற்று என்பது இயல்பன்று. பொருள் வந்த கலத்திலேயே பெயரும் வந்ததென்று கொள்ளுதலே நேரிது.

மலாய் மொழியில் இதன் பெயர் காப்பூர் என்பது. அச்சொற்கு அம்மொழியில் முதற்பொருள் சுண்ணாம்பு. வெற்றிலைக்கு இடுஞ் சுண்ணாம்பும் அவர்க்குக் காப்பூரே. இச்சொல்லின் இனமொழிகள் அத்தீவுகளெங்கும் பரந்துள்ளன. பிலிப்பைன் தீவினரது தகாலொகு மொழியில் அப்போகு என்பதும் சுண்ணாம்பையே குறிக்கும். ஆகவே, வெண்ணிறமுடைய சுண்ணாம்பின் பெயர், அதுபோல வெளுத்துத் தோன்றும் நறும்பொருளுக்கு ஒப்புமைபற்றி ஏறிற்றென்பது விளங்கும். இருபொருளையும் வேறுபடுத்தற்கு, அந்நறும்பொருளை அது விலையாகுந் துறைமுகத்தின் பெயரோடு கூட்டிக் காப்பூர் பாரூஸ் என்று அம்மக்கள் வழங்கினர்.

சுண்ணாம்பின் பெயர் நறுமணப் பொருளுக்கு ஆதல் வியப்பன்றோ எனின், தமிழ் வழக்கை நோக்குவார்க்கு அது வியப்பன்று. சுண்ணம் என்பது மாளிகைச் சுவர்க்குப் பூசுஞ் சுண்ணாம்பையும் குறிக்கும். இறைவன் திருமஞ்சனத்துக்கென இடிக்கும் நறும்பொடியையும் குறிக்கும். மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருப்பொற்சுண்ணம் என்னும் பதிகப் பெயரிலுள்ளது இப்பின்னைய பொருளே. நீறு என்னுஞ் சொல்லும் நீற்றிய சுண்ணாம்பிற்கும் திருவெண்ணீற்றிற்கும் பொதுவாய் நின்றது. வெண்மையும் நுண்மையும் பற்றி ஒரு சொல் தாழ்ந்த பொருளினின்றும் உயர்ந்த பொருளுக்கு ஏறுதல், தமிழர்க்கும் தீவினர்க்கும் ஒத்த இயல்பாயிற்று.

காப்பூர் என்பது கர்ப்பூரமாய வகையும் அறிதற்குரியது. பிராகிருதத்தில் இதன் வடிவம் கப்பூரம் என்பது. வடமொழியில் ரகரவொற்றும் பகரமும் மயங்கி நிற்குஞ் சொற்கள் பிராகிருதத்தில் பகரம் இரட்டித்து வருதல் பெருவழக்கு. அவ்வழக்கறிந்தோர், அயலினின்று வந்த கப்பூரத்தையும் அவ்வாறே சிதைந்ததொரு சொல்லென்று கருதி, இல்லாத ரகரத்தை மீட்டுச் சேர்த்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். இந்தி மொழியிற் கபூர் எனவும் சிங்களத்திற் கபுரு எனவும் வழங்கும் வடிவங்களில் அந்த ரகரம் இன்மையும் காண்க.

துறைமுகத்தின் பெயராகிய பாரூஸ் என்பதே அடியார்க்குநல்லார் கூறிய வாரோசு. அதற்குக் கல்லின்மேலெழுதிய சான்று உண்டு. சுமத்திராத் தீவின் மேல்கரையில், பாரூஸ் நகர்க்கு அணித்தாகிய லோபு துவா என்னுமிடத்தில் 1873ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. அதனைப்பற்றி நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு அவர்கள் மீண்டும் ஆராய்ந்து வாசகத்தைத் தெளிவுபடுத்தினார். சகயாண்டு 1010, மாசித் திங்கள், அஃதாவது கி.பி. 1088, அக்கல்வெட்டின் காலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர் வாரோசு என்னும் பட்டினத்திற் கூடி, அங்கே வரும் மரக்கலத்தலைவர் முதலியோர் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாக ஆயஞ் செலுத்தல் வேண்டுமென விதித்தனர். அறத்தை மறவாமை வேண்டும் என்னும் கட்டளையோடு அது முடிகின்றது. உரையேட்டிற் கருப்பூரவகையின் பெயராக நின்ற சொல்லும், கடல்கடந்த நாட்டுக் கல்லில் ஊர்ப்பெயராக நின்ற சொல்லும் ஒன்றே. உரையாசிரியர் கேட்டெழுதியது வணிகர் நாவிற் பயின்ற மெய்ச்சொல் என்பது இதனால் நாட்டப்படும்.

அக்காலத்துக் கடல் வாணிகம் ஒருவழிப்பட்டதன்று. முதல் இராசேந்திர சோழன் ஆட்சியில், ஸ்ரீவிசய நாட்டரசனின் சார்பினர் நாகைக் காரோணத்து இறைவர்க்குச் சீனக்கனகம் என்னும் பொன் முதலியன அளித்தமையை அத்திருக்கோயிற் கல்வெட்டுக்கள் கூறும். 1077இல் சோழ நாட்டிலிருந்து சீனம் சென்ற எழுபத்திருவர் அடங்கிய தூதுக்குழு கொண்டுசென்ற கையுறைகளுள் கருப்பூரமும் ஒன்றென்பது சீனரது வரலாற்றாற் பெறப்படும்.

சீனர் இப்பொருளை உலுங்-நாவ் என்பர். கடற்பாம்பரசின் மூளை என்பது அதன் கருத்து. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவி, பாண்டிநாட்டு மலயமலையிற் சந்தனத்தோடு கர்ப்பூர மரமும் உண்டென எழுதி, உலர்ந்தபின் வெட்டினால் உள்ளே பனிபோல வெள்ளிய பொருள் இருக்குமென்றும், அதுவே தம் நாட்டார் கூறும் உலுங்-நாவ் என்றும் விளக்கினார். அவர் அம்மலையை நேரிற் கண்டாரல்லர். காஞ்சியிற் பிறர் கூறக் கேட்டெழுதினார். கருப்பூரம் உண்டாம் வகையை அவர் கூறியது மெய். மரம் நின்ற இடங் கூறியதே பிழை. பாண்டிநாட்டுத் துறைகளில் அப்பொருள் மலிந்து கிடந்தமையால், அந்நாட்டிலேயே விளைவதென்று சேய்நாட்டார் கருதினர் போலும். பொருள் கைமாறும் இடத்தையே பிறந்த இடமாகக் கொள்ளுதல் பொருளுக்கும் உண்டு, சொல்லுக்கும் உண்டு.

மேற்றிசையில் இச்சொல் சென்ற வழி இதனினும் வியக்கத்தக்கது. பழைய பாரசீகத்திற் காப்பூர் என்பது, பகர ஒலியில்லாத அரபு மொழியிற் காஃபூர் என்றாயிற்று. குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில், நல்லோர் மறுமையில் அருந்தும் பானத்திற் கலந்ததாக இப்பெயர் வருகின்றது. எனினும், பாலைநிலத்து வீரர் எல்லார்க்கும் அப்பொருள் பழகியதாயில்லை. கி.பி. 637இல் பாரசீகரின் தலைநகரைக் கைக்கொண்ட அரபு வீரர், அரண்மனைப் பண்டசாலையிற் கருப்பூரத்தைக் கண்டு உப்பென்று கருதி உணவில் இட்டு, அதன் கைப்பறிந்து வியந்தனரென அரபு வரலாற்றாசிரியர் எழுதுவர். பிற்காலத்து அரபு அகராதி செய்தோர் இச்சொல்லை மறைத்தற் பொருளுடைய தம் தாதுவொன்றன்கீழ் வைத்தனர். உணாதி நூலார் வடமொழித் தாது கண்டதும், அரபியர் அரபுத் தாது கண்டதும் ஒரு தன்மையவே. வந்த விருந்தினரைத் தம் குடியிற் பிறந்தாரென்று கூறுதல் அன்பின் செயலாகலாம், வரலாறாகாது.

அரபியரிடமிருந்தே இச்சொல் ஐரோப்பாவிற்குச் சென்றது. இலத்தீனில் மகரவொற்று இடையே தோன்றிக் காம்ஃபொரா என்றாயிற்று. ஆங்கிலத்திற் காம்ஃபர் என வழங்குகின்றது. 1292ஆம் ஆண்டளவிற் சுமத்திராவில் தங்கிய மார்க்கோ போலோ, அங்குள்ள பன்சூர் நாட்டுக் கருப்பூரம் நிறைக்கு நிறை பொன்னுக்கு விற்குமென எழுதினார். ஒலியொப்புமை பற்றிப் பொருள் துணிதல் பிழைபடும் என்பதற்கும் மேல்நாட்டில் ஒரு சான்று உண்டு. கிறித்தவ வேதத்து உன்னதப்பாட்டில் வரும் கோஃபெர் என்னும் எபிரேயச் சொல் மருதோன்றியைக் குறிப்பது. 1611இல் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தோர் கருப்பூரம் என்று பொருள் செய்தனர். 1885ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அது மருதோன்றிப்பூ என மாற்றப்பட்டது. இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேலாக அவ்வேதம் ஓதினோர் மருதோன்றிப் பூங்கொத்தைக் கருப்பூரக் கொத்தென்றே நினைந்தனர்.

அரபு வழக்கில் அடிமைகளுக்கு மணப்பொருள், மணி என்பவற்றின் பெயரிடுதல் மரபு. அம்மரபின்வழி இச்சொல் தமிழகத்துக்கு வேறொரு வேடத்தில் மீண்டும் வந்தது. 1311இல் தில்லிப் படையோடு மதுரைமட்டும் வந்து கோயிற் செல்வங்களைக் கொள்ளைகொண்ட மாலிக் காபூர் என்பவனின் பெயரில் உள்ளது கருப்பூரம் என்னும் இச்சொல்லே. திருமுன்னர்ச் சுடராய் நின்ற பொருளின் பெயரும், அத்திருமுன்னைச் சூறையாடியவன் பெயரும் ஒன்றாயிருந்தன. சொல்லளவில் தூய்மை தீமை காண்பார் இவ்விடத்துச் சற்றே நின்று எண்ணக் கடவர்.

பெயர் பிறந்த காட்டிற்கே மீண்டு சென்றால், அங்கே மற்றொரு செய்தி உண்டு. மலாயாத் தீபகற்பத்தின் தென்கோடியாகிய ஜொகூரிற் கருப்பூரந் தேடும் பழங்குடியினர், அதனைத் தேடிக் காட்டிற் புகும் நாள்களில் காப்பூர் என்னுஞ் சொல்லை வாயாற் சொல்லார். மரத்தில் உறையுந் தெய்வம் அச்சொற் கேட்பின் பொருளை மறைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்நாள்களிற் பேசுதற்கென்றே தனிச்சொற்கள் பலவற்றை அவர்கள் வைத்திருந்தமையை ஆங்கிலேயர் இருவர் 1894இல் தொகுத்து வெளியிட்டனர். கடல்களைக் கடந்து பலமொழி பேசுவோர் நாவில் ஏறிய சொல், பிறந்த இடத்தில் நாவடக்கிக் காக்கப்பட்டது.

இனி, இச்சொல்லைத் தமிழிலக்கணம் எவ்வகையிற் சேர்க்கும் எனின், கூறுதும். தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். கருப்பூரம் தமிழிற் புகுந்த வாயில் வடமொழியாகலின், வாயில் நோக்கி அது வடசொல்லாம். பிறப்பு நோக்கின் திசைச்சொல்லாம். திசைச்சொல் வரும் நிலங்களை நன்னூலார் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் அளவில் நிறுத்தாது, பிறமொழி வழங்கும் நிலங்களையும் கூட்டினார். அந்நிலங்களைத் தொகுத்து நன்னூலுரையிற் காட்டும் பழைய செய்யுளிற் சாவகமும் சீனமும் எண்ணப்பட்டுள்ளன. சாவகத்துச் சொல் தமிழில் வருதற்கு இலக்கணம் முன்னரே வாயில் திறந்து வைத்தது. அவ்வாயிலை அடைத்துக் கருமை, பூரம் எனப் பிரிப்பார்க்கு, வாரோசில் நின்ற 1088ஆம் ஆண்டுத் தமிழ்க்கல் ஊமையாய்விடும். தமிழ்ப்பெருமை நாட்டுதற்கெழுந்த முயற்சியே தமிழர் கடலோடிய பெருமையை மறைப்பதாய் முடியும்.

அற்றேல், அயல்நாட்டுக் காட்டிற் சுண்ணாம்பின் பெயராய்ப் பிறந்ததொரு சொல்லைத் திருமுன்னர்ச் சொல்லுதல் தகுமோ எனின், தகும். பொருளை இறைவர்க்குரியதாக்குவது அதன் பெயர்க்காரணமன்று. அதனை இடுவார் அன்பும், ஆகம விதியுமே ஆம். சீனத்துப் பொன்னைக் காரோணத்து இறைவர் மறுத்திலர். பொருள்தானும் பலவாறு மாறிற்று. மரவயிரத்தில் உறையும் பச்சைக் கருப்பூரம் வேறு. சீனம், சப்பான், தைவான் நாடுகளின் மரத்தை வடித்தெடுக்குஞ் சூடம் வேறு. இரண்டற்கும் இரசாயன அமைப்பும் வேறு. இக்காலத்து விற்பனைக்கு வருவதிற் பெரும்பகுதி தேவதாரு இனத்து மரப்பிசின் தைலத்தினின்று ஆலைகளிற் செய்வது. பொருள் மும்முறை மாறியும் பெயரும் வழிபாடும் மாறாமையைக் காண்க.

அறிகுறியைக் கொள்ளுமிடத்தும் ஒன்று கருதற்பாலது. கருப்பூரம் எரிந்து ஒன்றுமில்லையாதல் போல உயிரும் முத்தியில் இல்லையாமென்று கொள்வது சித்தாந்தமன்று. உயிர் என்றுமுள்ளது; முத்தியிலும் சிவத்தோடு பிரிப்பின்றி நின்று இன்பம் நுகர்வது. கெடுவது தன்முனைப்பேயாம். சொல்லின் ஆராய்ச்சிக்கும் இஃதொக்கும். இச்சொல் எம்முடையது, எம் தாதுவிற் பிறந்தது என்னும் முனைப்பு எரிந்தொழிந்தவிடத்து, மலாய்க் காடும், வாரோசுத் துறையும், பாண்டிநாட்டுக் கீழ்காற்றும், பாரசீகப் பண்டசாலையும் ஒருங்கே புலப்படும். சொல்லும் கெடாது நிற்கும்.